நூலகத்தைக் காலி செய்து ஆப் வாங்கும் எங்கள் சங்கத்துக்கு: ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு,

போன வாரம் சங்க அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தீர்கள். அதில் இரண்டு சேதி. ஒன்று, செயற்கை நுண்ணறிவு கொண்டு மனு எழுதித் தரும் ஆப் ஒன்றை உறுப்பினர்களுக்குச் சங்கமே பாதி விலையில் வாங்கித் தரப்போகிறது. இரண்டு, வரும் ஜனவரி முதல் சட்ட இதழ்களுக்குச் சந்தா கட்டப்போவதில்லை. நூலக அறையைக் காலி செய்து கம்ப்யூட்டரும் ஏ.சி.யும் வைக்கப்போகிறீர்கள். முதல் சேதியைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு. இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது. இரண்டும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

நேரில் கேட்டேன். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாறணும் மேடம்" என்றார் ஒரு நிர்வாகி. மாறுவோம். நான் 1997-இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தவள். நாலு கார்பன் தாள் வைத்து டைப் அடித்த பிராதும் தாக்கல் செய்திருக்கிறேன், இன்று இ-ஃபைலிங்கும் நானே செய்கிறேன். நாற்பது பக்கக் குறுக்கு விசாரணையைத் தேதிவாரியாகப் பிரித்துத் தரச்சொல்லி இதே மாதிரி ஒரு செயலியிடம் கேட்பதும் உண்டு. பெயர்களை எடுத்துவிட்டுத்தான் கேட்பேன். ஆகவே கம்ப்யூட்டரைக் கண்டு மிரண்ட கிழவி எழுதுகிறாள் என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆடி மாதம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகவும், வெளியே இருந்து இதைப் படிக்கும் பொதுமக்களுக்காகவும் சொல்கிறேன். என் கட்சிக்காரர் ஒரு தென்னந்தோப்புக்காரர். தோப்புக்குப் போக ஒரே வண்டிப்பாதை, அது பக்கத்துக் காட்டு வழியாகப் போகிறது. பக்கத்துக் காட்டுக்காரர் அந்தப் பாதையை மறிக்க இன்ஜங்ஷன் (தடை உத்தரவு) கேட்டு மனு போட்டு, நமக்கு நோட்டீஸ் வருவதற்கு முன்பே எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நம் தரப்பைக் கேட்காமலே, இடைக்கால உத்தரவும் வாங்கிவிட்டார். மனுவோடு, தன் வாதத்துக்கு ஆதாரமாக நான்கு முன்தீர்ப்புகள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பாதையைத் தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தி வந்தால் ஈஸ்மென்ட் உரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமை, வரும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. நமக்கெல்லாம் அது முதல் வருடப் பாடம். அந்த நான்கு தீர்ப்புகளோ, அப்படிப் பயன்படுத்தியதற்கு எழுத்து மூலமான ஆவணம் இருந்தே ஆக வேண்டும் என்று அடித்துச் சொல்லின. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தீர்ப்பு என் கண்ணில் படவில்லையே என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.

மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போனேன். நம் லைப்ரரி அண்ணன் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து தொகுதிகளை எடுத்துப் போட்டார். முதல் சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுதியில், எந்தப் பக்கத்தில் என்ற குறிப்பு) சொன்ன பக்கத்தில் ஒரு மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கின் நடுப்பகுதி இருந்தது. இரண்டாவது சொன்ன பக்க எண்ணுக்கு முன்பே அந்தத் தொகுதி முடிந்துவிட்டது. மூன்றாவது நிஜத் தீர்ப்பு, ஆனால் வாடகை வழக்கு. நான்காவது எங்கேயும் இல்லை. கட்சிக்காரர் பெயர்கள் மட்டும் அச்சு அசல் நம் ஊர்ப் பெயர்கள், ஒரு பக்கம் கவுண்டர், மறுபக்கம் அம்மாள். அதுதான் பயமாக இருந்தது.

தடையை நீக்கக் கேட்டு மனு போட்டேன். அசல் தீர்ப்புகளைத் தாக்கல் செய்யுங்கள் என்று நீதிமன்றம் கேட்டதும், எதிர்த்தரப்பு அந்தச் சைட்டேஷன்களை வலியுறுத்தவில்லை என்று எழுந்து சொல்லி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் அதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது. வெட்டிய தேங்காய் தோப்பிலேயே கிடந்தது, லோடு எடுக்க வந்த வண்டி இரண்டு முறை திரும்பிப் போனது. எல்லாம் முடிந்து கோர்ட் படியில் இறங்கும்போது அந்த மனிதர் கேட்டார்: "ஏனுங்கம்மா, கள்ளப் பத்திரம் போட்டா ஜெயிலுங்கறாங்க. கள்ளத் தீர்ப்பு போட்டா என்னங்கம்மா?"

பதில் சொல்லத் தெரியாமல்தான் உங்களிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். இன்றுவரை அதற்கு எழுத்தில் பதில் இல்லை. வாய்மொழியாக வந்த பதில் இரண்டு: "டைப்பிங் மிஸ்டேக்", "நம்ம ஆளு, விட்டுடுங்க மேடம்". ஒரு பக்க எண் தவறினால் டைப்பிங் மிஸ்டேக். இல்லாத தீர்ப்புகளே முளைத்தால் அதற்கு வேறு பெயர்.

அந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. செயலியிடம் கேட்டிருக்கிறார், அது கொடுத்திருக்கிறது, நம்பிவிட்டார். இந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். நிலத்தை ஒருநாளும் பார்க்காமலே செக்குபந்தி (நிலத்தின் நான்கு எல்லை விவரம்) எழுதுகிற பத்திர எழுத்தர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான பத்திரங்களைப் படித்திருக்கிறார். "வடக்கு இன்னார் காடு, கிழக்கு இட்டேரி" என்று எப்படி எழுதினால் பத்திரம் போலத் தோன்றும் என்று அவருக்கு மனப்பாடம். நிலம் இருக்கிறதா இல்லையா என்பது அவர் கவலை இல்லை. சைட்டேஷன் எந்த வடிவத்தில் இருக்கும் என்று செயலிக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொகுதியை அது எடுத்துப் புரட்டியதாக அர்த்தம் இல்லை.

இது எங்கோ ஒரு முறை நடந்த கூத்தும் இல்லை. 2023-இல் நியூயார்க்கில், விமானத்தில் தள்ளுவண்டி முட்டிக் காயம்பட்ட பயணி ஒருவர் ஏவியங்கா நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். "இவை உண்மையான வழக்குகள்தானா?" என்று அந்த வழக்கறிஞர் அதே சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார்; ஆமாம் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. பொய்க்கையெழுத்துப் போட்டவனிடமே கையெழுத்தைச் சரிபார்க்கக் கொடுத்த கதை. லண்டனில் 2025 ஜூனில் நீதிபதி விக்டோரியா ஷார்ப் தலைமையிலான அமர்வு விசாரித்த ஒரு விவகாரத்தில், மேற்கோள் காட்டிய 45 தீர்ப்புகளில் 18 இல்லவே இல்லை. தேடிக் கொடுத்தவர் கட்சிக்காரர்; வழக்கறிஞர் அதைச் சரிபார்க்காமல் வைத்துக்கொண்டார். நம் அலுவலகங்களுக்கும் இப்போது கட்சிக்காரர்கள் செல்போனில் தீர்ப்போடுதான் வருகிறார்கள், கவனித்தீர்களா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பெங்களூருக்குப் போகலாம். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு 2024 டிசம்பரில் போட்ட ஓர் உத்தரவில் இல்லாத தீர்ப்புகள் இருந்தது தெரிந்து, அந்த உத்தரவையே திரும்பப் பெற்றார்கள். வக்கீல் தவறினால் நீதிபதி பிடிப்பார் என்ற தைரியத்தில்தான் நாம் இருக்கிறோம். மேலே உட்கார்ந்திருப்பவர்களும் தவறலாம் என்றால் நம் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

இனி என் அலுவலகத்துத் தவறு. அடுத்தவரைச் சொல்லிவிட்டு இதை மறைத்தால் அது நியாயம் இல்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு ஒன்றுக்காக 1978-ஆம் ஆண்டு ஒத்திப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கீழ்க்கோர்ட்டில் எல்லாம் தமிழ், மேலே போனால் ஆங்கிலம். இந்த ஏற்பாடு இருக்கும்வரை நம் தலையில் மொழிபெயர்ப்பு வேலை இருந்துகொண்டே இருக்கும். என் ஜூனியர் கெட்டிக்காரப் பையன். பத்திரத்தைப் போனில் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டு, பத்து நிமிடத்தில் மூன்று பக்கம் அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தான். அழகான ஆங்கிலம், எனக்கு அப்படி எழுத வராது.

முதலில் சிரிப்புதான் வந்தது. பத்திரத்தில் "ஷை சொத்து", "ஷை ரூபாய்" என்று வருகிற இடத்தில் எல்லாம் ஷை என்று ஓர் ஆள் முளைத்திருந்தார். மேற்படி என்பதற்குப் பத்திர எழுத்தர்கள் போடும் குறி அது என்பது செயலிக்குத் தெரியவில்லை. 1978-இல் எங்கள் கிராமத்தில் ஷை என்ற பெயரில் ஒருவர் இரண்டரை ஏக்கருக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கிறார்! அதைப் பையனும் பார்த்துச் சிரித்தான். அவனும் பார்க்காமல் விட்டது வேறொன்று. "ஒத்தி" என்ற சொல்லைச் செயலி "குத்தகை" என்று ஆக்கியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்.

ஒத்தி என்றால் சுவாதீன அடமானம். பணத்தை வாங்கிக்கொண்டு நிலத்தைக் கையில் ஒப்படைப்பது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்ப வரும். குத்தகைதாரர் என்றால் அவருக்கு இருக்கும் பாதுகாப்பே வேறு, வழக்கின் முகமே வேறு. அதைவிட முக்கியம் காலவரையறை. அடமானத்தை மீட்க வழக்குப் போட 30 ஆண்டு என்பது 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 61-ஆவது இனம். 1978-இலிருந்து எண்ணினால் 2008-லேயே கதை முடிந்தது. ஆனால் சிங் ராம் எதிர் ஷியோ ராம் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம், சுவாதீன அடமானத்தில் அந்த 30 ஆண்டு பத்திரத் தேதியிலிருந்து ஓடாது, அடமானக் கடன் தீர்ந்த நாளிலிருந்துதான் ஓடும் என்றது. என் கட்சிக்காரரின் வழக்கு முழுக்க நிற்பது அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான். அது "குத்தகை" என்று ஆங்கில வழக்குக் கட்டுக்குள் ஏறியிருந்தால் எதிர்த்தரப்பு அதையே எடுத்து என் முன்னால் நீட்டியிருக்கும். என் கையெழுத்து அதில் இருந்திருக்கும், செயலியின் கையெழுத்து இருந்திருக்காது.

நான் பிடித்துவிட்டேன். பிடித்தது என் சாமர்த்தியம் இல்லை. என் சீனியர் பத்திரங்களை விரல் வைத்து, சொல் சொல்லாகச் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லிப் பழக்கியதால் பிடித்தேன். இந்தப் பழக்கத்தை நம் ஜூனியர்கள் எங்கே கற்பார்கள்? ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 15,000 ரூபாய், சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது நம் சங்கத்தில் எழுந்த முணுமுணுப்பை நான் மறக்கவில்லை. அந்தப் பணத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இந்த ஆப் ரொம்ப வசதிதான்.

செயலி நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நான் முழுக்கப் படித்தேன். செயற்குழுவில் எத்தனை பேர் படித்தீர்கள் என்று கேட்கவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில், இது தருவது சட்ட ஆலோசனை அல்ல, தகுதி பெற்ற வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் என்று போட்டிருக்கிறது. அந்தத் தகுதி பெற்ற வழக்கறிஞர் நாம்தானே? நாம் அதைக் கேட்க, அது நம்மையே கேட்கச் சொல்கிறது.

இந்தத் தகுதி என்பது என்ன? வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கை நினைவுபடுத்துகிறேன். கோர்ட்டில் எழுந்து வாதாடுவது மட்டும் வழக்கறிஞர் தொழில் இல்லை, ஆலோசனை சொல்வதும் ஆவணம் வரைவதும் அதற்குள்தான் வரும், வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகள் அதை இங்கே செய்ய முடியாது என்று 2018-இல் தீர்ப்பானது. நாமெல்லாம் அன்று இனிப்பு கொடுத்துக் கொண்டாடினோம். பதிவு செய்யாத மனிதன் மனு வரையக்கூடாது என்று சண்டை போட்ட நாம், பதிவே செய்ய முடியாத ஒன்றிடம் மனு வரையக் கொடுத்துவிட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போடலாமா? படித்துத் திருத்திப் போட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கருவி கருவியாக இருக்கட்டும். வக்காலத்தில் கட்சிக்காரர் கைநாட்டு வைப்பது நம் பெயருக்கு எதிரே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். போன மாதம் சங்க அறையில் ஒரு ஜூனியர், குடும்ப நீதிமன்ற மனு ஒன்றை ஊர், பெயர், குழந்தையின் பள்ளிக்கூடம் எல்லாம் தெரியும்படி அப்படியே ஓர் இலவசச் செயலியில் ஒட்டிக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் இருந்தது, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆவது பிரிவிலும் இருக்கிறது. போக்சோ வழக்கில் குழந்தையின் பெயரைத் தீர்ப்பில்கூடப் போடுவதில்லை. அதைக் கொண்டுபோய் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு சர்வரில் கொட்டுகிறோம். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பக்கத்து மாநிலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. முடிவெடுப்பதற்கோ தீர்ப்பு எழுதுவதற்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக்கூடாது, அனுமதித்த கருவிகளை மட்டும் தொட வேண்டும், மொழிபெயர்ப்பை மனிதர் சரிபார்க்க வேண்டும் என்கிறது அது. அது நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும். அமெரிக்காவில் வழக்கறிஞர்களுக்கே அவர்கள் சங்கம் 2024 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. கருவி பதினைந்து நிமிடத்தில் முடித்த வேலைக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் போடக்கூடாது என்பது வரை அதில் உண்டு. நம் ஊரில் மணிக்கணக்கு ஃபீஸ் கிடையாது, கட்டுக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறோம். இருந்தாலும் அந்த அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். நாம் யோசித்தது பாதி விலை மட்டும்.

அப்புறம் நூலகம். எல்லாம் ஆன்லைனில் இருக்கிறதே என்பீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகக் கிடைப்பது உண்மைதான், அது பெரிய வரம். ஆனால் நம் முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் நடக்கும் பாகம், பாதை, ஒத்தி, கோயில் நில வழக்குகளில் நமக்குக் கை கொடுப்பது பெரும்பாலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள். 1891-இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலின் பழைய தொகுதிகள் நம் அலமாரியில் இருக்கின்றன. நம் பெரியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பைண்டிங் செய்து வைத்துவிட்டுப் போனவை. ஆடி மாதம் அந்தக் கள்ளச் சைட்டேஷனைப் பிடித்தது எந்த மென்பொருளும் இல்லை, அந்த அலமாரியும் லைப்ரரி அண்ணனும்தான். பொய் வரக்கூடிய வழியைப் பாதி விலைக்குத் திறந்துவிட்டு, அதைச் சரிபார்க்கிற இடத்தை அதே தாளில் மூடுகிறீர்கள்.

ஆகவே நான் கேட்பது இவை.

செயலி ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகியிருந்தால் நிறுத்தி வையுங்கள், ஆகவில்லை என்றால் பொதுக்குழு கூடும்வரை போடாதீர்கள். ஒப்பந்தத்தின் தமிழ்ச் சுருக்கத்தைப் பலகையில் ஒட்டுங்கள். நாம் ஏற்றும் கட்டுகள் எங்கே சேமிக்கப்படும், அவற்றை வைத்து அந்த மென்பொருளுக்குப் பயிற்சி கொடுப்பார்களா, கேட்டால் அழிப்பார்களா என்ற மூன்று கேள்விக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் பாதி விலை என்ன, இனாமாகவே கொடுத்தாலும் வேண்டாம்.

குடும்ப வழக்கு, போக்சோ வழக்குக் காகிதங்களை எந்த வெளிச் செயலியிலும் ஏற்றுவதில்லை என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும். மற்ற வழக்குகளில் கட்சிக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஏற்றக்கூடாது.

முன்தீர்ப்பு காட்டும் எவரும் அதன் முழு நகலை இணைத்து, "இதை நான் முழுதாகப் படித்தேன்" என்று ஒரு வரி மெமோவில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மொழிபெயர்த்த ஆவணத்தில், தமிழ் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த மனிதரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும். சங்கம் நீதிமன்றத்துக்கு விதி போட முடியாது, தெரியும். உறுப்பினர்களுக்குள் வழக்கமாக்க முடியும். இதையே விதியாகக் கொண்டுவரச் சொல்லி மாவட்ட நீதிபதிக்கும், தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத முடியும். இல்லாத தீர்ப்பைத் தெரிந்தோ, படிக்காமலோ தாக்கல் செய்வது வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன் 35-ஆவது பிரிவின்படி ஒழுங்கீனம் ஆகுமா என்பதைப் பார் கவுன்சில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றும் அந்தக் கடிதத்தில் கேளுங்கள். தோப்புக்காரருக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூனியர்களுக்கு மாதம் ஒரு சனிக்கிழமை, இந்தக் கருவிகளை எதற்குத் தொடலாம், எதற்குத் தொடக்கூடாது என்று தமிழில் வகுப்பு எடுங்கள். ஒத்திப் பத்திரம் படிக்கிற வகுப்பை நான் எடுக்கிறேன், ஷை பற்றியும் சொல்லித் தருகிறேன்.

ஆடி மாதம் நான் கொடுத்த புகாருக்கு எழுத்தில் பதில் வேண்டும். அந்த வழக்கறிஞரைத் தண்டிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று சங்கத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும்.

சட்ட இதழ்களில் இரண்டுக்காவது சந்தாவைத் தொடருங்கள். பணம் போதாது என்றால் என் பங்காக ஓர் ஆண்டுச் சந்தாவை நான் கட்டுகிறேன், ரசீது கொடுத்தால் போதும்.

இவற்றை வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். வியாழக்கிழமை அலமாரிகளை எடைக்குப் போட ஆள் வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். பொதுக்குழு முடியும்வரை நூலகச் சாவி லைப்ரரி அண்ணனிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
1997-இல் பதிவு செய்த உங்கள் சங்க உறுப்பினர்